நூற்றிருபது அட்டைக் கடிதம்

ஒன்பது வயதுவரை நான் பேசிய பேச்சையெல்லாம் கூட்டிக் கட்டினால் ஒரு சின்னப் பொட்டலம்கூடத் தேறாது. வாய் இருந்தது, நாக்கு இருந்தது, கேட்ட கேள்விக்குப் பதிலும் உள்ளே தயாராகத்தான் இருந்தது. அது வெளியே வருவதற்குள் கேட்டவர் போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்து நின்றால் உதடுகள் கோந்து தடவினாற்போல ஒட்டிக்கொள்ளும். வாத்தியார் பிரம்பை எடுப்பார், என் முகத்தைப் பார்ப்பார், அலுத்துப்போய் அடுத்தவளைக் கூப்பிடுவார். அம்மா இருந்தவரை இது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. பசியா, காய்ச்சலா, யார்மேல் கோபம் என்பதையெல்லாம் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் காய்ச்சலில் போனபிறகு என் முகத்தைப் படிக்க ஆளில்லை.

அம்மா போன ஏழாம் மாதம் அப்பா மறுகல்யாணம் செய்துகொண்டார். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. காஞ்சிபுரத்துச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அப்படி நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வலதுகரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிக்கொடுத்தால்தான் தறி நடக்கும். அம்மா உட்கார்ந்த அந்த இடம் காலியாகக் கிடந்தது. வேலைக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது, எனவே கல்யாணம் செய்துகொண்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெண் தென்னேரிப் பக்கம். ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று தரகர் பெருமையாகச் சொன்னாராம். "படிப்ப வெச்சிக்கினு கோர்வை போட முடியுமா?" என்று அப்பாவின் அக்கா கேட்டாள்.

கல்யாணத்தன்றே மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். "எந்தங்கச்சி பெத்த பொண்ண மாத்தாந்தாய் கையில உட மாட்டேன் மாப்ள. என் வூட்டுல இருக்கட்டும்" என்றார். அப்பா தலையாட்டினார். நானும் யார் கேட்டாலும் தலையாட்டுகிறவள்தான். ஆகவே பிள்ளையார்பாளையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஒரு துணிப்பையோடு போய்ச் சேர்ந்தேன். இரண்டு இடத்துக்கும் நடுவே நடந்தால் ஒரு மணி நேரம்தான். ஆனால் எனக்கு அது சீமைக்குப் போனதுபோல இருந்தது.

மாமா வீட்டில் குறை ஒன்றும் இல்லை. சோறு போட்டார்கள், அடிக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மாமா நாள் முழுவதும் சத்தமாகப் பேசுவார், அவர் மனைவி, என் அத்தை, அதைவிடச் சத்தமாகப் பதில் சொல்வாள், நடுவில் நான் ஒரு பாத்திரம்போல உட்கார்ந்திருப்பேன். "வாடி மௌனசாமி" என்பார் மாமா. எனக்குச் சிரிப்பு வராது. அங்கே தறி இல்லை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கி விழித்தவளுக்கு அது இல்லாத வீடு காது அடைத்ததுபோல இருந்தது. பகலில் தெருக்கோடிவரை போய், யார் வீட்டுத் தறியாவது கேட்கிறதா என்று சுவர் ஓரம் நின்று கேட்டுவிட்டு வருவேன்.

மாமாவுக்கு அட்டை அடிக்கிற தொழில். ஜக்கார்டு தறியின் உச்சியில் ஒரு பெட்டி இருக்கும். அதன்மேல் ஓட்டை போட்ட நீள அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மாலைபோலத் தொங்கும். நெய்கிறவர் மிதிக்க மிதிக்க ஒவ்வொரு அட்டையாக மேலே வரும். எந்த இழை தூக்க வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று ஓட்டைதான் சொல்லும். மயிலோ மாங்காயோ கரையில் விழுவது அப்படித்தான். கட்டம் போட்ட தாளைப் பார்த்து மாமா ஓட்டை போடுவார். அத்தை அட்டைகளை வரிசைப்படி நூலால் கோப்பாள். வரிசை தெரிய ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் எண் எழுத வேண்டும். மாமாவின் எண்கள் நண்டு ஊர்ந்ததுபோல இருக்கும். அத்தைக்கு எண் மட்டும் தெரியும், எழுத்து தெரியாது. என் கையெழுத்து அழகாக இருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது.

ஒருநாள் மாமா புது அட்டைக் கட்டை என் முன்னால் போட்டார். "ஒயுங்கா போடு. அன்னபட்சி டிசைன். உங்கப்பன் தறிக்குத்தான் போவுது" என்றார்.

நூற்றிருபது அட்டை. ஒன்று என்று மையில் எழுதினேன். கை அங்கேயே நின்றது. அப்பா ஒரு மிதி மிதித்தால் இந்த அட்டை அவர் தலைக்கு மேலே வரும். பிறகு இரண்டு வரும். நூற்றிருபதும் முடிந்தால் மறுபடி ஒன்று வரும். பென்சிலை எடுத்து எண்ணுக்குப் பக்கத்தில், சின்னதாக, "அப்பா" என்று எழுதினேன்.

ஓர் அட்டைக்கு ஒரு சொல். அதற்குமேல் ஓட்டைகளுக்கு நடுவில் இடமில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. அடுத்த சொல் வரத் தாமதமானால் யாரும் எழுந்து போகவில்லை. நான் நன்றாக இருக்கிறேன், அத்தை சோறு போடுகிறாள், மாமா அடிப்பதில்லை, பூனை கையைப் பிறாண்டிவிட்டது என்று முதல் நாற்பது அட்டை நலம் விசாரிப்பதற்கே போய்விட்டது. கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தேன். இங்கே தறி இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அங்கே வந்தாலும் பேசமாட்டேன், தொந்தரவு செய்யமாட்டேன், ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

எழுபது எழுதி முடித்து அடுத்த பத்து அட்டையைக் கையில் எடுத்தபோது அத்தை தண்ணீர் எடுத்துவரக் கூப்பிட்டாள். திரும்பி வந்து அந்தப் பத்தையும் மறுபடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து எண் போட்டு, மனதில் நெடுநாளாகக் கிடந்ததை எழுதினேன். "சித்தியிடம் சொல்லாதே. அவளை எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா இடத்தில் அவள் உட்காரக் கூடாது." எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பத்துச் சொல். அதற்குமேல் நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதி, கடைசி நான்கு அட்டைகளில், "என்னை வந்து அழைத்துக்கொண்டு போ" என்று முடித்தேன். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. உடம்பெல்லாம் லேசாகி, அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் காலையில் தெருமுனைப் படிப்பகத்தில் செய்தித்தாளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அட்டையில் எண் பார்த்துச் சொல்வார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

கட்டு போயிற்று. ஒரு ஞாயிறு போயிற்று, இரண்டாவது ஞாயிறும் போயிற்று. வாசல் பக்கம் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து ஓடுவேன். தயிர்க்காரராக இருக்கும். மூன்றாவது வாரத்தில் அப்பா வந்தே வந்தார். கையில் அந்த அட்டைக் கட்டு இருந்தது. துணிப்பையில் பாவாடையைக்கூடத் திணித்துவிட்டேன்.

"பட்சி கழுத்து ஒடிஞ்சிக்கினு வருது மச்சான். எழுவதுலர்ந்து எம்பது வரைக்கும் பாரு" என்றார் அப்பா.

"என் அடியில தப்பு வராது மாப்ள. நம்பர் போட்டது உம்பொண்ணு" என்றார் மாமா. கட்டம் போட்ட தாளையும் கட்டையும் என்னிடம் தள்ளினார். "உக்காந்து நீயே சரி பண்ணு. இன்னாத்தப் பராக்குப் பாத்துக்கினு போட்டியோ!"

பார்த்தேன். தண்ணீருக்குப் போன நேரத்தில் கீழே வைத்த பத்து அட்டையை, திரும்பி வந்து கடைசியிலிருந்து எடுத்திருக்கிறேன். எண் வரிசையாக இருந்தது, ஓட்டை தலைகீழாக இருந்தது. என் கடிதத்தில் பிழையே இல்லை, அன்னபட்சிக்குத்தான் கழுத்து ஒடிந்திருந்தது.

அப்பா கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கியாம்மா?" என்றார். தலையாட்டினேன். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று கண்ணையே பார்த்தேன். கட்டை மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாக மாமாவிடம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. நூற்றிருபது சொல் எழுதியிருக்கிறேன், ஒரு சொல் பதில் இல்லையா? அந்தக் கோபத்திலேயே நூலைப் பிரித்து, பத்து அட்டையையும் சரியான வரிசைக்கு மாற்றி, எண்களை அடித்துத் திருத்தினேன். பட்சி நேரானது, என் வாக்கியம் தலைகீழானது. போகட்டும் என்று விட்டேன்.

அப்புறம்தான் கட்டின் கடைசியைப் பார்த்தேன். கடைசி எட்டு அட்டைகளில், என் சொல்லுக்குக் கீழே வேறொரு கை எழுதியிருந்தது. பெரிய பெரிய எழுத்து, அழுத்திப் பிடித்த பென்சில். என்னைப்போலவே ஓர் அட்டைக்கு ஒரு சொல்.

"கருட சேவைக்கு பெருமாள் பின்னாடியே வந்துடு கண்ணு. மண்டபத்தாண்ட நிக்கிறேன்."

கண்ணு! அப்பா ஒருநாளும் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவும் என்னைப்போலத்தான், வாயால் வராதது அவருக்குக் கையால் வருகிறது. அதனால்தான் மாமா எதிரில் ஒன்றும் தெரியாதவர்போல நின்றிருக்கிறார். எனக்கு ஒரு துணை கிடைத்த சந்தோஷத்தில் அட்டைகளை நானே கோத்து, ஒழுங்காகக் கட்டி வைத்தேன்.

கருட சேவையன்று ஊரே வீதியில் நிற்கும். விடியும்போது வரதர் கருடன்மேல் ஏறிக் கோயிலைவிட்டு வெளியே வந்து, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம்வரை போய், கங்கைகொண்டான் மண்டபத்தில் இளைப்பாறுவார். பிள்ளையார்பாளையம் அங்கிருந்து கூப்பிடு தூரம். மாமா கோபுர வாசலில் குடையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கையில் நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை. பேசாத பிள்ளை பக்கத்தில் இல்லை என்று தெரிவதற்கே கொஞ்ச நேரம் ஆகும்.

காந்தி ரோடு முழுவதும் பெருமாளின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், ஓடினேன். நீர்மோர்ப் பந்தலில் மோர் கொடுத்தார்கள், வாங்கவில்லை. மண்டபம் தெரிந்தது. அப்பாவைத் தேடினேன். தூண் ஓரத்தில் சித்தி நின்றிருந்தாள்.

ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் காகிதப் பொட்டலம். கழுத்தை நீட்டிப் பிள்ளைகளின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் இவளுக்குத் தெரிந்துவிட்டது, அப்பாவைத் தடுத்துவிட்டு, என்னைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு குண்டு அம்மாளின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து, மண்டபத்தைத் தாண்டி, ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா தறியை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கோர்வைக்கு ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. "இன்னாம்மா இது? யார்கூட வந்த? தனியாவா?" நான் தறிக்கு மேலே தொங்கிய அட்டைகளைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அண்ணாந்தார். "இன்னா, அட்ட சரியாத்தான் ஓடுது" என்றார். என்னமாய் நடிக்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

உச்சிவெயில் ஏறியபிறகு சித்தி வந்தாள். முகமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. தறி ஓரத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப வந்த நீ? நான் அங்கியே..." என்று ஆரம்பித்து, அப்பா இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். பொரியும் வெல்லமும். வெல்லம் உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. நான் தொடவில்லை.

சற்றைக்கெல்லாம் மாமா ஓடிவந்தார். பாதி ஊரைத் தேடியிருக்கிறார், மேல்துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. என்னைக் கண்டதும் உட்கார்ந்து அழுதார், அழுது முடித்ததும் கத்தினார். "யார் வரச்சொன்னது? யார் தூக்கிக்கினு வந்தது?"

"நான்தான் வரச்சொன்னேன் அண்ணா" என்றாள் சித்தி.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ எப்பச் சொன்ன?"

"சொன்னேன்" என்றாள்.

என்ன பொய் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா எழுதியதற்கு இவள் நல்ல பேர் வாங்கிக்கொள்கிறாளே! மாமா அதைவிட எரிந்தார். "மாத்தாந்தாய் கூப்ட்டா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? எடுபிடிக்கு ஆள் வேணும்! கெளம்புடி" என்று என் கையைப் பிடித்தார். நான் அசையவில்லை. அவர் குரல் இறங்கிற்று. "சரி, நீயே சொல்லு. எங்க இருக்கற? ஒரு தபா வாயத் தொறந்து சொல்லு, நான் போய்டறேன்."

மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். சொல் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் போயிற்று என்று தெரிந்தது, அப்படியும் வரவில்லை. மாமா பிடித்த கையை உதறினேன். அடுப்படிக்கு ஓடி ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, சிமெண்டுத் தரையில், தறிக்கு முன்னால், குழந்தைகூடப் படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதினேன்.

அப்பா தரையைப் பார்த்தார், பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். "இன்னா மச்சான் எழுதியிருக்குது?" என்றார்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம், எழுத்து தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"இங்கேன்னு எழுதியிருக்கா" என்றார் மாமா. என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோர்வை போட உட்கார்ந்தாள்.

அதற்குப்பிறகு அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். சித்தியிடம் வேண்டியதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. பேசாமலிருப்பதில்தான் எனக்குப் பழக்கமுண்டே. பள்ளிக்கூடத்து மார்க் அட்டையில் அவள்தான் கையெழுத்துப் போடுவாள். தறிக் குழியைவிட்டு எழ அப்பாவுக்குச் சோம்பல் என்று நினைத்தேன். அவள் எழுத்தை நான் உற்றுப் பார்த்ததுகூட இல்லை. நோட்டு நோட்டாக எழுத ஆரம்பித்தேன். கேட்கிறவர்களிடம், எழுத்து எனக்கு அப்பா வழியில் வந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

பதினைந்து வயதில் நெசவாளர் சங்கத்துக்கு அப்பாவோடு போனேன். ஏதோ ஒரு படிவத்தை அவர் முன்னால் வைத்தார்கள். அப்பா இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் வைத்து அழுத்தி, பழகிய கையாகப் படிவத்தில் உருட்டினார். விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு, "போலாமா?" என்றார். வழியெல்லாம் அவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார், என் காதில் ஒன்றும் விழவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது சித்தி தறியருகே இருந்தாள். "இன்னா கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?" என்றாள். சொல்ல வேண்டியது அவ்வளவும் தொண்டைவரை வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது. அன்றைக்குக் கரித்துண்டும் எடுக்கவில்லை.

நான் வீடு திரும்பிய நாளிலிருந்து அந்த அன்னபட்சி அட்டை ஒன்றரை வருஷம் எங்கள் தறியில் ஓடியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் எதிரே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பேன். ஒவ்வொரு பட்சிக்கும் ஒருமுறை என் கடிதம் முழுவதும் மேலே ஏறி இறங்கும். அந்தப் பத்துச் சொல்லும், தலைகீழாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும்: கூடாது, உட்காரக், அவள், இடத்தில், அம்மா. வீட்டில் ரப்பர் இருந்தது, யாரும் அதை அழிக்கவில்லை. அப்பா நாள் தவறாமல் என் கடிதத்தைப் படிக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்குப் பக்கத்தில், அம்மா இடத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தவள் பக்கம் நான் திரும்பவே இல்லை.